கட் ஆஃப் 191.5, பிசி பிரிவு: கோவைப் பக்கம் கணினி அறிவியல் கிடைக்குமா?

காவிரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இவ்வாண்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கிறாள். கணிதத்தில் 98, இயற்பியலில் 93, வேதியியலில் 94 மதிப்பெண்கள் பெற்றிருக்கிறாள். கணிதத்தை முழுமையாகவும் மற்ற இரண்டையும் பாதியாகவும் எடுத்துக் கூட்டினால் 200-க்கு 191.5 வருகிறது. கணினி அறிவியல் பாடத்தில் அவள் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறாள். ஆனால் அது கட் ஆஃபில் சேராது என்று தெரிந்ததும் வீட்டில் அனைவருக்கும் சற்று வருத்தம்தான்.

நாங்கள் பிசி பிரிவினர். ஊர் நாமக்கல் மாவட்டம். அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் அவளுக்கு இடமில்லை. எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டப்படிப்புப் படித்ததில்லை. ஆகவே பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியையும் மற்றவர்களிடம் கேட்டுத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

என் ஐயங்கள் மூன்று. கோவையில் பிஎஸ்ஜி, சிஐடி, ஜிசிடி (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) ஆகிய மூன்று கல்லூரிகளில் ஏதேனும் ஒன்றிலாவது அவளுக்குக் கணினி அறிவியல் கிடைக்குமா? கிடைக்காத கல்லூரிகளை விருப்பப் பட்டியலின் மேலே போட்டால் வாய்ப்பு வீணாகிவிடும் என்று எங்கள் ஊர்க் கணினி மையத்தில் சொல்கிறார்கள், அது உண்மையா? மூன்றாவதாக, ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலிருந்து நாள்தோறும் தொலைபேசியில் அழைத்து, இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால்தான் கணினி அறிவியல் இடம் நிச்சயம் என்கிறார்கள். கட்டிவைப்பது நல்லதா?

கணக்கு வாத்தியார் (மறுமொழி)

ஐயா, வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிப்பவன். ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் என்னிடம் வரும் பெற்றோர் அனைவரும் நீங்கள் கேட்ட முதல் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அவர்களிடம் நான் முதலில் சொல்வது, 191.5 என்ற எண்ணைச் சிறிது நேரம் மறந்துவிடுங்கள் என்பதுதான். இடம் மதிப்பெண்ணுக்குக் கிடைப்பதில்லை, தரவரிசைக்குத்தான் கிடைக்கிறது. ஒரே மதிப்பெண் ஓராண்டில் ஓரிடத்திலும் மறு ஆண்டில் வேறோர் இடத்திலும் நிற்கும்.

எவ்வளவு தூரம் மாறும் என்பதற்கு அண்மைக் காலத்திலேயே சான்று உண்டு. 2024-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்வில் வேதியியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 471 பேர். 2025-இல் அந்த எண்ணிக்கை 3,181. இயற்பியலில் 633 பேராக இருந்தது 1,125 ஆயிற்று. கணிதத்தில் 2,587 என்பது 3,022 ஆனது. விண்ணப்பித்தவர்களும் கூடிவிட்டார்கள், 2024-இல் தரவரிசைப் பட்டியலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர், 2025-இல் 2.4 லட்சத்துக்கும் மேல். இதன் விளைவு என்னவென்றால், இரண்டு ஆண்டுகளிலும் பொதுக் கலந்தாய்வின் முதல் சுற்று 179 கட் ஆஃபோடு முடிந்தது என்றாலும், அந்த 179-க்கு உரியவர் 2024-இல் சுமார் 26,600-ஆம் இடத்தில் இருந்தார், 2025-இல் சுமார் 39,100-ஆம் இடத்துக்குப் போய்விட்டார். ஒரு மதிப்பெண்கூட இழக்காமல் பன்னிரண்டாயிரம் பேருக்குப் பின்னால் போய்விட முடியும் என்பதே இதன் பொருள்.

ஆகவே சென்ற ஆண்டு இந்தக் கல்லூரி 191-க்கு முடிந்தது, எனக்கு 191.5 இருக்கிறது, எனவே கிடைத்துவிடும் என்று கணக்குப் போடுவதும், கிடைக்காது என்று மனம் தளர்வதும் இரண்டுமே தவறு. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கலந்தாய்வு இணையதளத்தில் முந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பாடப்பிரிவிலும் ஒவ்வொரு சமூகப் பிரிவுக்கும் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணோடு தரவரிசை எண்ணும் தரப்பட்டிருக்கிறது. பெரும்பாலோர் மதிப்பெண் பட்டியலை மட்டும் பதிவிறக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நீங்கள் தரவரிசைப் பட்டியலையும் எடுத்துவையுங்கள். இவ்வாண்டுத் தரவரிசை வெளியானதும் மகளின் எண்ணை அதில் பிசி பத்தியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். அதுவரை சொல்லப்படும் எதுவும், நான் கீழே சொல்லப்போவது உட்பட, ஊகமே.

தரவரிசையை ஒப்பிடும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எத்தனை இடங்களுக்கு நாம் போட்டியிடுகிறோம் என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் பிசி பிரிவுக்கு 26.5 விழுக்காடு. அரசுக் கல்லூரியில் 60 இடங்கள் கொண்ட ஒரு பிரிவு முழுவதும் கலந்தாய்வுக்கு வருகிறது என்றால் பிசிக்குச் சுமார் 16 இடங்கள். அதே 60 இடங்கள் சிறுபான்மையல்லாத தனியார் சுயநிதிக் கல்லூரியில் இருந்தால் கலந்தாய்வுக்கு 65 விழுக்காடு, அதாவது 39 இடங்கள்தான் வரும். அதில் பிசிக்குச் சுமார் 10. சிறுபான்மைக் கல்லூரியில் பாதி இடங்களே வரும். இது தவிரப் பொதுப்பிரிவு எனப்படும் 31 விழுக்காடு எந்தச் சமூகத்தாருக்கும் தரவரிசைப்படி திறந்தே இருக்கிறது; அதை முற்பட்ட வகுப்பாருக்கு உரியது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்றும் பலர்.

நமக்குச் சாதகமான ஒரு மாற்றமும் உண்டு. 2024-25 முதல், தகுதியுள்ள கல்லூரிகள் ஒரு பாடப்பிரிவில் சேர்க்கும் மாணவர் எண்ணிக்கைக்கு இருந்த உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏஐசிடிஇ நீக்கிவிட்டது. அதன் பின்னர்ப் பல தனியார் கல்லூரிகள் கணினி அறிவியல் இடங்களைக் கூட்டிக்கொண்டிருக்கின்றன. அதனால் இவ்வாண்டு அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை என்பதையும் சென்ற ஆண்டு எத்தனை என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆனால் இடம் கூடிய அளவுக்கு ஆசிரியரும் ஆய்வகமும் கூடியிருக்கின்றனவா என்பது வேறு கேள்வி. அதை அந்தக் கல்லூரியில் இப்போது முதலாமாண்டு படிப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

இனி என் ஊகம். பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில் கணினி அறிவியல் இந்த மதிப்பெண்ணுக்கு எட்டும் என்று நான் நம்பவில்லை. சிஐடி, ஜிசிடி இரண்டும் எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவை. அங்கே கணினி அறிவியலைவிடத் தகவல் தொழில்நுட்பம் அருகில் வரலாம், அதுவும் உறுதியில்லை. குமரகுரு, பெருந்துறை கொங்கு, சேலம் அரசுப் பொறியியல் கல்லூரி ஆகியவற்றில் நம்பிக்கையோடு முயலலாம்.

இரண்டாமாண்டு மாணவி (மறுமொழி)

ஐயா, வணக்கம். நான் கோவையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் இரண்டாமாண்டு படிக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் பட்டியல் போட்ட ஆண்டில் அதே தவறான அறிவுரையைக் கேட்டுப் பாதிப் பட்டியலை அழித்துவிட்டு, கடைசி நாளில் மீண்டும் எழுதியவள்.

வாய்ப்பு வீணாகும் என்பது உண்மையில்லை. ஒதுக்கீடு நடக்கும் முறையைப் புரிந்துகொண்டால் அந்தப் பயம் போய்விடும். சுற்றில் உள்ளவர்களைத் தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்து, அவருடைய விருப்பப் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, அவருக்கு உரிய இடம் எதில் முதலில் காலியாக இருக்கிறதோ அதை ஒதுக்குகிறார்கள். உங்கள் மகளின் முறை வரும்போது அவள் பட்டியலில் முதல் பத்துக் கல்லூரிகளும் நிரம்பியிருந்தால் பதினோராவது பார்க்கப்படும், அவ்வளவுதான். பதினோராவதை அவள் முதலில் போட்டிருந்தாலும் அதே இடம்தான் கிடைத்திருக்கும். ஆகவே மேலே எத்தனை கிடைக்காத கல்லூரிகள் இருந்தாலும் இழப்பு ஏதுமில்லை. ஆனால் கிடைத்துவிடும் என்பதற்காகப் பிடிக்காத ஒன்றை மேலே போட்டால் இழப்பு உறுதி, ஏனென்றால் அது கிடைத்த பிறகு அதற்குக் கீழே உள்ள எதையும் பார்க்க மாட்டார்கள்.

இன்னொரு விதமாகச் சொன்னால், பட்டியலின் வரிசையை ஆசைதான் முடிவு செய்ய வேண்டும், பட்டியலின் நீளத்தை அச்சம் முடிவு செய்யட்டும். என் தோழி ஒருத்தி பதினெட்டே கல்லூரிகளைப் போட்டுவிட்டு, முதல் சுற்றில் எதுவும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்பட்டாள். நான் எழுபதுக்கு மேல் போட்டேன், எனக்குக் கிடைத்தது முப்பத்திரண்டாவது.

கல்லூரியின் பெயரைப் பார்த்துப் பட்டியல் போடாதீர்கள், எண்ணைப் பாருங்கள். பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியின் எண் 2006. பிஎஸ்ஜி ஐடெக் என்று அழைக்கப்படும் நீலாம்பூர் கல்லூரியின் எண் 2377. இரண்டும் ஒரே அறக்கட்டளையைச் சேர்ந்தவை, ஆனால் கட் ஆஃப் வெகுவாக வேறுபடும். உங்கள் மகளுக்கு இரண்டாவதில் வாய்ப்பு உண்டு என்றே நினைக்கிறேன், அதையும் சேருங்கள். சிஐடி என்றால் கோவைக்காரர்களுக்குக் கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி, எண் 2007. சென்னையில் அதே சுருக்கப் பெயரில் இன்னொரு கல்லூரி இருக்கிறது. ஸ்ரீ கிருஷ்ணா என்ற பெயரில் கோவையிலேயே இரண்டு பொறியியல் கல்லூரிகள். கணினி மையத்தில் அவசரமாகத் தட்டச்சு செய்பவர் இதையெல்லாம் கவனிப்பார் என்று நம்ப முடியாது. பட்டியலை மகளே வீட்டில் உட்கார்ந்து போடட்டும்.

பாடப்பிரிவிலும் இதே கவனம் வேண்டும். பிஎஸ்ஜி போன்ற கல்லூரிகளில் சில பிரிவுகளின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்எஸ் என்று போட்டிருக்கும். அது சுயநிதிப் பிரிவு. வகுப்பும் பட்டமும் அதே கல்லூரியுடையவைதாம், ஆனால் கட்டணம் கூடுதல், கட் ஆஃப் பொதுவாகச் சற்றுக் குறைவு. கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும், இணையப் பாதுகாப்பு என்று இன்று பல பெயர்கள். நான் பார்த்த வரையில் கணினி அறிவியலுக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் பாடங்களில் பெரிய வேறுபாடு இல்லை. தரவுக் கட்டமைப்பு, இயக்க முறைமை, தரவுத்தளம், கணினி வலையமைப்பு எல்லாம் இரண்டிலும் உண்டு. எங்கள் கல்லூரிக்கு வரும் மென்பொருள் நிறுவனங்களும் இரண்டு வகுப்பினரையும் ஒரே தேர்வுக்குத்தான் அழைக்கின்றன. ஆகவே சுமாரான கல்லூரியில் கணினி அறிவியலைவிட நல்ல கல்லூரியில் தகவல் தொழில்நுட்பத்தை நான் மேலே வைப்பேன், வைத்தேன்.

ஈரோட்டுத் தகப்பன் (மறுமொழி)

மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதற்கான விலையைக் கொடுத்தவன் நான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மகனுக்கு 188 கட் ஆஃப். கலந்தாய்வுக்கு இன்னும் பல வாரங்கள் இருந்த நிலையில், ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இதே போன்ற அழைப்புகள் வந்தன. கணினி அறிவியலில் கடைசி நான்கு இடங்கள் என்றார்கள். பயந்துபோய் ஒரு லட்ச ரூபாய் கட்டினேன். அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் கேட்டார்கள், கொடுத்தேன். பிறகு கலந்தாய்வில் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்திலேயே நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்லூரியில் சேர அசல் சான்றிதழ்கள் வேண்டும். அவற்றைத் திரும்பப் பெற நான்கு முறை அலைந்தேன். பணம் ஏழு மாதம் கழித்து, ஒரு பகுதி பிடித்தம் போக வந்தது.

மாணவர் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும், அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனம் பிடித்துவைக்கக் கூடாது என்றும் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் விதிகள் இருக்கின்றன. அவற்றைக் காட்டித்தான் இறுதியில் பெற்றேன். ஆனால் விதி இருப்பது வேறு, ஜூலை மாத வெயிலில் அலுவலக வாசலில் நிற்பது வேறு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. அவற்றில் மிக நல்லவையும் இருக்கின்றன, அவை தம் நுழைவுத் தேர்வின் தரவரிசைப்படி முறையாக இடம் தருகின்றன. இந்த வாரத்துக்குள் என்று தொலைபேசியில் அவசரப்படுத்துகிற இடத்தைத்தான் நான் நம்ப மாட்டேன். கட்டியே ஆக வேண்டும் என்று தோன்றினால், திரும்பப் பெறும் கடைசி நாளையும் தொகையையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள். அசல் சான்றிதழை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள்.

காவிரிக்கரை (மீண்டும்)

மூவருக்கும் மிக்க நன்றி. பணம் கட்டப்போவதில்லை என்று இன்று தொலைபேசியில் சொல்லிவிட்டேன். பேசியவர் உடனே குரலை மாற்றிக்கொண்டு, கடைசித் தேதியை இன்னும் பத்து நாள் தள்ளிவைக்க முடியும் என்றார். மகள் சிரித்துவிட்டாள்.

இரண்டு சிறு ஐயங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. இதே 191.5-ஐ இன்னும் நூற்றுக்கணக்கானவர்கள் வாங்கியிருப்பார்களே, அவர்களுக்குள் யார் முன்னால் வருவார்கள்? ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுக்கொண்டு மேலே போகக் காத்திருக்கலாம் என்ற தெரிவு ஒன்று இருக்கிறதாமே, அதைப் பயன்படுத்தலாமா?

கணக்கு வாத்தியார் (மறுமொழி)

கட் ஆஃப் சமமாக இருந்தால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். அதுவும் சமமென்றால் இயற்பியல், பிறகு பன்னிரண்டாம் வகுப்பின் மொத்த விழுக்காடு, பத்தாம் வகுப்பின் விழுக்காடு, பிறந்த தேதி என்று போகும். அதிலும் சமமானால்தான் கணினி குலுக்கல் முறையில் தரும் சமவாய்ப்பு எண். உங்கள் மகளுக்குக் கணிதத்தில் 98 இருக்கிறது. கணிதத்தில் 95 வாங்கி மற்ற இரண்டிலும் கூடுதலாக வாங்கி அதே 191.5-ஐ எட்டியவர்கள் அனைவரும் அவளுக்குப் பின்னால்தான் வருவார்கள். கணினி அறிவியலில் வாங்கிய நூறு கட் ஆஃபில் சேரவில்லை என்று வருந்தினீர்கள் அல்லவா, மொத்த விழுக்காட்டில் அது சேரும். அந்தப் படி வரை போட்டி நீண்டால் அவளுக்குக் கைகொடுக்கும்.

மேல்நோக்கிய நகர்வைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் அதன் நிபந்தனையைப் புரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய இரண்டு நாள்தான் அவகாசம் தருவார்கள். அந்த இரண்டு நாளில் ஊரில் இல்லாமல் போய் இடத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும். ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிக் காத்திருப்பதைத் தெரிவு செய்தால், பொறியியல் சேர்க்கைச் சேவை மையத்தில் கட்டணத்தைச் செலுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். உங்களுக்கு முன்னால் இடம் பெற்றவர்களில் சிலர் சேராமல் போகும்போது காலியாகும் இடங்களில், உங்கள் பட்டியலில் ஒதுக்கீட்டுக்கு மேலே உள்ளது ஏதாவது இருந்தால் அது உங்களுக்கு வரும். வந்துவிட்டால் பழைய இடம் தானாகவே போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. ஆகவே ஒதுக்கப்பட்ட கல்லூரிக்கு மேலே மனமில்லாமல் சேர்த்த பெயர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மேலே அந்த மாணவி சொன்னதைக் கடைப்பிடித்திருந்தால் அந்தச் சிக்கல் வராது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லை என்றீர்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று அது கைமாறி வர நாளாகும், சேர்க்கை நெருக்கத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பார்கள். அத்துடன், ஏஐசிடிஇ மாணவியருக்கு வழங்கும் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் முதலாமாண்டில் சேர்ந்த பிறகு விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றிதழையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

காவிரிக்கரை (மீண்டும்)

நாளை காலை இ-சேவை மையத்துக்குப் போகிறேன். மகள் ஒரு நோட்டில் கல்லூரி எண்களோடு பட்டியலைத் தொடங்கிவிட்டாள். முதல் வரியில் 2006 என்று எழுதியிருக்கிறாள். தரவரிசை வந்ததும் எண்ணை இங்கே பதிவிடுகிறேன்.